பதினேழு அறிவுரைகளும் ஓர் இடது பாதமும்

சென்ற மாதம் நான் வேலையிலிருந்து விலகியபோது, ஆய்வுகூடத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு தங்கைமார் ஒரு கேள்வி கேட்டார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் சில நொடிகளில் எண்ணைக் காட்டும் இந்தச் சின்ன இயந்திரம் வருவதற்கு முன், சீனி வியாதிக்காரர்களை எப்படிச் சோதித்தீர்கள் என்று. சொன்னேன். நம்பாமல் சிரித்தார்கள். பிறகு, "அதை எழுதித் தாங்க மிஸ்" என்றார்கள். எழுத உட்கார்ந்தேன். சோதனைக்கு ஒரு பக்கம் போதுமாக இருந்தது. மீதிப் பக்கங்களை அந்தோனியம்மா என்ற ஒரு பெண்ணின் இடது பாதம் எடுத்துக்கொண்டது.

முப்பத்தேழு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கணவருக்கு மன்னாருக்கு மாற்றம், வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். பதினைந்து வருட சேவையோடு விலகினேன். நான் ஹாலிஎலையில் வளர்ந்தவள். கொழும்பில் இரண்டு வருடம் படித்தேன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிறைய நின்றேன், நிறைய மனப்பாடம் செய்தேன். தொண்ணூறுகளின் நடுவில், பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் உள்ள ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆய்வுகூடம் என்பது ஓர் அறை, இரண்டு முக்காலி, ஒரு தொட்டி, ஒரு ஸ்பிரிட் விளக்கு. அதன் தலைவர் சிவஞானம் சேர்.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டில் இருபது வருடம் வேலை செய்தும் பேச்சு ஓர் எழுத்தும் மாறவில்லை. செவ்வாய்க்கிழமை சீனி கிளினிக். நோயாளிகள் காலைச் சிறுநீரைப் பழைய மருந்துப் போத்தல்களில் கொண்டுவருவார்கள். கண்ணாடிக் குழாயில் நீல நிறக் கரைசலை அளந்து ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, கொதிநீரில் வைத்து எடுக்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். பிறகு மஞ்சள், செம்மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். எட்டுச் சொட்டுக்குப் பதில் ஒன்பது விழுந்தால் சேர் அந்தக் குழாயைத் தொட்டியில் கவிழ்த்துவிடுவார். மூடுபனி இறங்கிய காலைகளில், ஜன்னலில் வெளிச்சம் வரும்வரை எந்தக் குழாயையும் வாசிக்க விடமாட்டார். வெளியே மர வாங்கில் உட்கார்ந்து நோயாளிகள் இருமிக்கொண்டிருப்பார்கள். "இருக்கட்டும் பிள்ளை. பல்புக்குக் கீழ எல்லாம் மஞ்சளாத்தான் தெரியும்" என்பார்.

வேலைக்கு வந்த புதிதில், நீலம் வந்த ஒருவரின் பெயருக்கு நேரே பதிவேட்டில் 'நல்லது' என்று எழுதிவிட்டேன். சேர் அடிமட்டத்தை வைத்து அந்தச் சொல்லை நேர்க்கோடு போட்டு வெட்டினார். "நிறத்தை மட்டும் எழுதும். நல்லது கெட்டதை டொக்டர் சொல்லட்டும்." இவ்வளவு கறாரான மனிதர் தன் தேநீருக்கு இரண்டு கரண்டி சீனி குவித்துப் போடுவார். தன் சிறுநீரை அவர் சோதித்து நான் பார்த்ததில்லை.

டொக்டர் சிங்களவர், இளைஞர், நல்ல மனிதர். அவர் சிங்களத்தில் சொல்லும் அறிவுரைகளைச் சிற்றூழியர் ஒருவர் தமிழில் பாதி சொல்லுவார், பாதி விழுங்குவார். அதனால் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுக்கும்படி டொக்டர் என்னைக் கேட்டார். பட்டியல் போடுவது எனக்குப் பிடித்த வேலை. அவர் பத்துச் சொன்னார். நான் புத்தகம் பார்த்துப் பதினேழாக்கினேன். சீனி அறவே கூடாது. சோறு ஒரு கோப்பை. பாதங்களை இரண்டு வேளை இளஞ்சூடான நீரில் கழுவி, விரல் இடுக்கு ஈரம் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. நாள் முழுக்கக் கூடையோடு மலை ஏறி இறங்கும் பெண்ணுக்கு, தினமும் அரை மணி நேரம் நடக்கவும் என்று எழுதியவளும் நான்தான். படி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தோம். அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்தப் பட்டியலை அந்தோனியம்மாவைப் போல யாரும் மதிக்கவில்லை. அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயதிருக்கும். லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். பறிப்பில் எப்போதும் முன்னால் நிற்பவர் என்று மற்றப் பெண்களே சொல்வார்கள். பட்டியலை லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், மாதா படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருந்தார். மாதா மாதம் அவருடைய குழாய் சுத்தமான நீலம். டொக்டர் அவரை வாங்கில் இருப்பவர்களுக்குச் சுட்டிக் காட்டுவார். அந்தோனியம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை போல் நிற்பார்.

ஆனால் அவருடைய இடது பாதத்தில், சுண்டு விரலுக்குக் கீழே ஒரு புண் இருந்தது. கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டையொன்று குத்தியது. பாதத்தில் உணர்வு குறைந்துவிட்டதால் குத்தியதே மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்ததாம். நீல நிறக்காரரின் புண் ஆற வேண்டும். ஆறவில்லை. மாதம் போகப் போக அகன்றது. டொக்டருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

சேருக்கு ஒரு விதி இருந்தது. புண் உள்ளவர்களுக்கு, டொக்டர் கேட்காவிட்டாலும், இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். சிறுநீரில் ஒரு பொடியைக் கரைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, குழாயைச் சாய்த்து அமோனியாவைப் பக்கவாட்டில் மெதுவாக வழிய விட வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் வளையம் விழுந்தால், உடம்பு உணவுக்குப் பதில் தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சீனி மிக அதிகமானாலும் அந்த வளையம் விழும். ஆனால் அப்போது முதல் குழாய் செங்கல் நிறமாக இருக்கும். அன்று அந்தோனியம்மாவின் முதல் குழாய் நீலம். இரண்டாவதில் வளையம் பளிச்சென்று விழுந்தது.

சேரிடம் காட்டினேன். திரும்பச் செய்யச் சொன்னார். திரும்பவும் விழுந்தது. ஜன்னலடியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது பட்டினி, பிள்ளை" என்றார்.

நான் வெளியே போய் வாங்கில் அந்தோனியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறதுக்கு முன்னால."

"ஏன் அப்புடி?"

"கிளினிக்கு வரணுமே மிஸ். தோட்டத்துப் பெரிய தொர மலை பாக்க வர்றாருன்னா மொத நாளு தண்ணிக் கான் வெட்டி, ரோட்டக் கூட்டி, லயத்துக்கு வெள்ளையடிக்கிறதில்லயா? அது மாதிரிதான்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்லதான் தொர வரமாட்டாருல்ல."

அவர் ஒளித்துச் சொல்லவில்லை. எனக்கு இது தெரியாமல் இருந்ததுதான் அவருக்கு ஆச்சரியம். கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாள் சாப்பாடு இல்லை, தேத்தண்ணியில் சீனி இல்லை, கண்ணாடி, சுடுநீர், செருப்பு என்று எல்லாம் நடக்கும். மாத்திரையையும் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வார். அன்று பஸ்ஸில் வரும்போது கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். "பதினேழையும் தெனமும் செய்யணும்னா நான் மலைக்குப் போகாம கன்னியாஸ்திரி மடத்துல சேந்துற வேண்டியதுதான். ரெண்டு நாளைக்குன்னா உசுரக் குடுத்துச் செஞ்சிருவேன்" என்றார். வாங்கில் இருந்த மற்றவர்களை விசாரித்தேன். பாதிப் பேருக்கு மேல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு மட்டுமே இப்படி ஒரு தவறு செய்யத் தோன்றும். ஆனால் அந்தத் தவறுக்கு வழி வெட்டிக் கொடுத்தது என் பட்டியல். ஒரு மனுஷி தினமும் செய்ய முடியாத அளவுக்கு அதை நிரப்பியிருந்தேன். தினமும் முடியாதது, சோதனை நாளுக்கு மட்டும் செய்யும் அலங்காரமாகிவிட்டது.

சேர் முடிவுத் தாளைத் தானே எடுத்துக்கொண்டு டொக்டரிடம் நடந்து போனார். அவர் ஆய்வுகூடத்தை விட்டு அப்படிப் போனதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. டொக்டரின் முகம் சிவந்துவிட்டது. பிறகு புண்ணைத் திறந்து பார்த்து, என்னை அழைத்து மொழிபெயர்க்கச் சொன்னார். அவருடைய அடுத்த இரண்டு மாதக் கிளினிக் வரை பார்ப்பார். அதற்குள் காயாவிட்டால் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே பாதத்தில் பாதியை எடுக்க வேண்டி வரும்.

நான் சொல்லி முடித்ததும் அந்தோனியம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "அரப் பாதத்தோட மலை ஏறலாமா மிஸ்?"

அதை நான் டொக்டருக்குச் சிங்களத்தில் சொல்லவில்லை. பதில் எனக்கே தெரியும்.

இனி நான் செய்த இரண்டாவது தவறு. முதல் தவறை உணர்ந்த அவசரத்தில் மறுபக்கம் போய் விழுந்தேன். "பட்டியல மறந்துருங்க அக்கா. மாத்திரைய மட்டும் ஒழுங்கா போடுங்க, போதும். லேசான வேலைதான்" என்றேன். இரக்கத்தோடுதான் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, புண்ணுக்கு மருந்து கட்ட வந்தார். கணவர் சின்னப்பனும் கூட வந்திருந்தார். தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மெலிந்த மனிதர். புண் அப்படியே ஈரமாக இருந்தது. மாத்திரைகளில் பாதி பையில் மிச்சம்.

ஏன் போடவில்லை என்று கேட்டேன். "லேசான வேலதானே, மத்தியானம் போட்டுக்கலாம்னு இருந்தேன். மத்தியானம் மறந்துருது" என்றார். பிறகு கட்டுத் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க பதினாறையும் வேணாம்னு சொன்னதும், இந்தக் காலு இனித் தேறாதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன் மிஸ்."

அன்றுதான் நான் என் தாளை மடித்து வைத்துவிட்டு அவருடைய நாளை எழுதினேன். நாலரைக்கு எழும்புவதிலிருந்து படுக்கும்வரை, அவர் சொல்லச் சொல்ல. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுப்பது, காலைப் பறிப்பு, பத்து மணித் தேத்தண்ணி, மத்தியானக் கொழுந்து நிறுவை, மாலை நிறுவை, வீடு, விறகு, சமையல். இதற்கிடையில் ஐந்து முறை தேத்தண்ணி. எங்கள் பக்கத்தில் சீனியைத் தேத்தண்ணியில் கரைக்க மாட்டார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பார்கள்.

ஐந்து வேளைச் சீனியில் எதை விடுவது லேசு என்று கேட்டேன். மலையிலிருந்து வந்து குடிப்பதை என்றார். அந்தக் களைப்பில் சீனி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதாம். எது கஷ்டம்? பத்து மணிக்கு மலையில் குடிப்பது. காகிதத்தில் சுருட்டிய சீனிச் சரை கைமாறிக் கைமாறி வரும். வேண்டாமென்றால் கூட இருக்கும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். விடவே முடியாதது எது? அந்தோனியம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். சின்னப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"காலையில உள்ளது. நாந்தான் தேத்தண்ணி ஊத்தி, சீனியும் அது கையில வைப்பேன். கல்யாணம் கட்டுன நாள்லேருந்து அப்புடித்தான்."

"அது இல்லன்னா எனக்குப் பொழுதே விடியாது மிஸ்" என்றார் அந்தோனியம்மா. உடனே வீராப்பு வந்துவிட்டது. "அது மட்டும் இருக்கட்டும். மத்த நாலையும் இன்னையோட விட்டுர்றேன்."

நான் வேண்டாம் என்றேன். நாலை ஒரே நாளில் விடுகிறவர் ஒன்பதாம் நாள் ஐந்தாகத் திரும்பிப் பிடித்துக்கொள்வார் என்று அதற்குள் எனக்குப் பயம் வந்திருந்தது. இந்த மாதம் இரண்டு போதும் என்றேன். லேசானது ஒன்று, கஷ்டமானது ஒன்று. லேசானது கையைப் பிடித்துக்கொள்ளும். கஷ்டமானது, இந்தக் காலுக்காக நான் எதையோ செய்கிறேன் என்று அவருக்கே சொல்லும். காலைச் சீனி இருக்கட்டும். ஆனால் கரண்டி வேண்டாம், இரண்டு விரலால் எடுப்பது மட்டும். மாத்திரையை யார் நினைவூட்டுவது? "அதையும் நானே கையில வச்சிர்றேன். மொதல்ல மாத்திர, அப்புறம் ரொட்டி. ரொட்டியத் தின்னப்புறந்தான் சீனி" என்றார் சின்னப்பன். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு முறை இல்லை.

பாதத்தைப் பார்ப்பதற்குக் கண்ணாடியும் சுடுநீரும் வேண்டாமென்று விட்டோம். செருப்பு மட்டும் இனித் தினமும். மத்தியான நிறுவைக்குப் பெண்கள் வரிசையில் எப்படியும் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, கூட்டாளி செல்லமேரியிடம் உள்ளங்காலைக் காட்டுவது என்று முடிவானது.

கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: கிளினிக்குக்கு முந்திய நாட்களில் வழக்கம்போல் சாப்பிட வேண்டும். அதற்குத்தான் அவர் அதிகம் தயங்கினார். "எல்லாருக்கும் முன்னால நெறம் மாறிப்போயிருமே மிஸ்."

மாறிப்போயிற்று. அடுத்த கிளினிக்கில் அவருடைய குழாய் செம்மஞ்சள். ஜன்னலுக்கு வெளியே நின்று, என்ன நிறம் என்று கேட்டார். தூக்கிக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றார். வாங்கில் யாரோ, "பரிசுக்காரம்மாவுக்கு என்னாச்சு?" என்று சீண்டினார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல், "சாப்புட்டுட்டு வந்தேன்டி. நீயும் சாப்புட்டுட்டு வந்து காட்டு பாப்போம்" என்றார்.

பதிவேட்டில் நிறத்தை மட்டும் எழுதினேன். சேர் வந்து பார்த்தார். பேனாவை வாங்கி, அதன் பக்கத்தில் தானே ஒரு சொல் எழுதினார்: 'நம்பலாம்.' டொக்டருக்குப் போன தாளிலும் அதையே எழுதினார். முதலில் குரலை உயர்த்தத் தொடங்கிய டொக்டர், அதைப் பார்த்ததும் அமைதியாகி, அந்த உண்மையான நிறத்துக்கு ஏற்ப மருந்தைக் கூட்டினார். அதுவரை அவர் மருந்து கொடுத்துவந்தது, மாதத்தில் இரண்டு நாள் மட்டும் இருந்த ஒரு பெண்ணுக்கு.

அந்த வாரங்களில் மலையில் நடந்ததைச் செல்லமேரி ஒரு நாள் வந்து சொன்னார். பத்து மணிக்குச் சீனியை மறுத்த முதல் வாரம், "தொரசாணி ஆயிட்டாங்க" என்று மலையே கேலி செய்ததாம். அந்தோனியம்மா இரண்டு நாள் அழுதுகொண்டே வெறுந்தேத்தண்ணி குடித்தாராம். ஒரு நாள் தோற்றும் போனாராம். மறுநாள் பழையபடி மறுத்தாராம். நிறுவை வரிசையில் அவர் காலை நீட்டினால், "மகாராணி பாதத்தக் காட்டுறாங்க, எல்லாரும் வந்து கும்புட்டுக்கங்க" என்பார்களாம். ஆனால் ஒரு மத்தியானம் விரல் இடுக்கில் அட்டை கடித்து இரத்தம் கசிந்ததை, கேலி செய்த பெண்தான் முதலில் கண்டாள். அன்றிலிருந்து வரிசையில் இன்னும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள்.

இரண்டாவது கிளினிக் வந்தது. குழாய் மங்கிய பச்சை. நான் மருந்து கட்டும் அறை வாசலில் போய் நின்றேன். சின்னப்பன் தொப்பியைக் கையில் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். டொக்டர் கட்டைப் பிரித்து, புண்ணின் விளிம்பைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். பாதத்தில் புண் காய்ந்து, ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகத் தோல் கூடியிருந்தது. சுண்டு விரல் மட்டும் கறுத்திருந்தது, அதைக் காப்பாற்றத் தாமதமாகிவிட்டது. பதுளைக்கு அனுப்பி அதை மட்டும் எடுத்தார்கள். பாதம் தங்கியது. இரண்டு மாதத்தில் அவர் மீண்டும் பெரட்டில் பெயர் கொடுத்தார்.

எல்லோருக்கும் இப்படி முடியவில்லை. லேசானதைக்கூடத் தொடாதவர்கள் இருந்தார்கள். எவ்வளவு செய்தும் காலை இழந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் பதினேழு வரித் தாளை நிறுத்திவிட்டோம். புதிதாக வருகிறவரிடம் முதலில் அவருடைய நாளைக் கேட்போம். பிறகு, விட முடியாதது எது என்று கேட்போம். அதை விட்டுவைத்துவிட்டு மற்றதைப் பேசுவோம். தங்கைமாரே, இயந்திரம் எண்ணைச் சரியாகவே சொல்லும். முந்திய இரண்டு நாள் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

விலகுவதற்கு முந்திய வாரம் அந்தோனியம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். வயதாகி, அவருக்கு வேலையில் பெயர் வெட்டிச் சில வருடங்களாகின்றன. ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். லயத்துக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் பாதி வழியில் சட்டென்று ஒரு கல்லில் உட்கார்ந்து இடது செருப்பைக் கழற்றினார்.

"வலிக்குதா அக்கா?"

"இல்ல மிஸ். மத்தியான நிறுவ நேரமாச்சு."

மேலே மலையில் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் காலை என் பக்கம் நீட்டினார்.

"செல்லமேரி மக வீட்டுக்குப் போயிருக்கா. இன்னைக்கு நீங்க பாருங்க."

நான் குந்தி உட்கார்ந்து, அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, நான்கு விரல்களின் இடுக்கையும் உள்ளங்காலையும் பார்த்தேன். ஒன்றுமில்லை என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து, எனக்கு முன்னால் ஏறத் தொடங்கினார்.